எந்தக் குரலையும் நம்பாதே

மாட்ரிட், 6 மார்ச் 1961

அன்புள்ள தம்பி ஃபெர்மினுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வராமல் லாரிக்காரர் எவரிஸ்தோவின் கையில் வருவதைப் பார்த்ததுமே விஷயம் நல்லதில்லை என்று உனக்குப் புரிந்திருக்கும். ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு அடியில் வைத்து எல்லையைத் தாண்டிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். படித்ததும் எரித்துவிடு.

வியாழக்கிழமை ஸ்டூடியோவில் அழுதுகொண்டிருந்தேன். பதறாதே, என் பிழைப்பே அதுதான். நான் குரல் கொடுக்கிற அமெரிக்க நடிகை, அந்தப் பொன்னிறக்காரி, தன் குழந்தையைப் பறிகொடுக்கிற காட்சி. ஒரே துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். இருட்டில் மைக் முன்னால் நின்று, அவள் உதடு திறக்கும்போது நான் திறந்து, மூடும்போது மூடி, நடுவில் அழுகையையும் கொண்டுவர வேண்டும். நல்லபடியாக முடிந்தது. அப்போது பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். எங்கள் தொழிலில் யாரும் கை தட்டுவதில்லை. திரும்பிப் பார்த்தேன். சாம்பல் நிற மேலங்கி, மெல்லிய மீசை. எங்கள் இயக்குநர் தோன் லவுரெயானோ தன் கையாலேயே அவனுக்குக் காபி கொண்டுவந்தார். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. போலீஸ் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

பெயர் சல்செதோ, இன்ஸ்பெக்டர். என் வாழ்க்கையை எனக்கே ஒப்பித்தான். பதினேழு வயதில் வானொலி நாடகத்தில் நாய் மாதிரி குரைத்தது, பிறகு டப்பிங்கில் கூட்டத்தோடு நின்று "தீ! தீ!" என்று கத்தியது, வேலைக்காரிகளுக்கும் கன்னியாஸ்திரிகளுக்கும் பேசியது, சின்னப் பையன்களுக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனது, எட்டு வருஷமாகப் பொன்னிறக்காரியின் ஸ்பானியக் குரலாக இருப்பது, எல்லாம் வரிசையாக. குற்றப்பத்திரிகை வாசிப்பது மாதிரி இருந்தது. கடைசியில் உன் பெயருக்கு வந்தான். பிரான்ஸில், துலூஸில் நீ அச்சுக்கோக்கிற, இங்கே தடை செய்யப்பட்ட பத்திரிகை, அது எப்படி இங்கே வந்து சேர்கிறது, எல்லாவற்றையும் பேசினான்.

"ஒரே ஒரு போன்தான், செனோரித்தா. அம்மாவுக்கு உடம்பு முடியல, எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மணி நேரம் வந்துட்டுப் போடான்னு சொல்லணும். உங்க குரல்ல பேசினாலும் சரி, அம்மா குரல்ல பேசினாலும் சரி. ரெண்டும் உங்களுக்கு வருமாமே."

எழுதிக் கொடுத்த வசனத்தைத்தான் எனக்குப் பேச வரும் என்றேன். வசனத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னான். தொண்டை சரியில்லை என்றேன். "பரவாயில்ல. இந்த ஊர்ல வேற தொண்டையே இல்லையா என்ன?" என்று சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்துக்கொண்டான்.

அதனால் கேள். நீ அங்கே எந்த மதுக்கடையில் போன் எடுப்பாய் என்பது அவனுக்குத் தெரியும். எந்தக் குரல் கூப்பிட்டாலும் நம்பாதே. என் குரலாக இருந்தாலும், அம்மா குரலாக இருந்தாலும். எங்கள் கூட்டத்தில் அம்மாவை ஒரு முறை கேட்டால் போதும், அப்படியே பேசிக்காட்டக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. இப்போதே ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று புலம்புகிறாள். பயம் வேறு எதற்கு அவளுக்கு?

உன் அக்கா,
கசில்தா


துலூஸ், 15 மார்ச்

அக்கா,

எரித்துவிட்டேன். எரிப்பதற்கு முன் நாலு தடவை படித்தேன்.

ஒன்று கேட்கிறேன். அரகோன்காரரின் மதுக்கடை போன் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது? உன்னிடமும் எவரிஸ்தோவிடமும்தான் அது இருக்கிறது. எவரிஸ்தோ வாய் திறக்கிறவர் இல்லை.

நீ காட்டிக்கொடுத்தாய் என்று சொல்லவில்லை. ஆனால் நீ யாரோடு வேலை செய்கிறாய் என்று உனக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. படத்தில் காதலனாக இருக்கிறவனைத் தணிக்கைக்காரர்கள் அண்ணனாக்கச் சொன்னால், நீங்கள் மைக் முன்னால் நின்று "அண்ணா" என்கிறீர்கள். இங்கே அந்தப் படத்தை அசல் வசனத்தோடு பார்த்தேன். அண்ணனை எந்தத் தங்கச்சியும் அப்படி முத்தமிட மாட்டாள். தணிக்கைக்காரனுக்கும் உன் சல்செதோவுக்கும் முதலாளி ஒருவன்தான். இவ்வளவு வருஷம் அவர்களுக்குப் பேசிவிட்டு, இப்போது மட்டும் முடியாது என்றாயா? முடியாது என்றிருந்தால் சந்தோஷம்.

சொன்னபடி செய்கிறேன். எந்தக் குரலையும் நம்ப மாட்டேன்.

ஃபெர்மின்


துலூஸ், 9 ஏப்ரல்

கசில்தா,

நேற்று போன் வந்தது.

பகல் சாப்பாட்டு நேரம். கடை நிறைய ஆட்கள். மாட்ரிட்டிலிருந்து அழைப்பு என்று அரகோன்காரர் கத்தினார். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல். "ஃபெர்மின்? நான்தாண்டா." யார் என்று கேட்டேன். "உன்னப் பெத்தவ." கண் போய்க்கொண்டிருக்கிறதாம், இலையுதிர் காலத்துக்குள் இருட்டிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் என் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். ஹெந்தாய்க்கு வரச் சொன்னது அந்தக் குரல். எல்லைப் பாலத்தின் பிரெஞ்சு முனையில் நான் நிற்க வேண்டும், ஸ்பெயின் பக்கம் இருனுக்கு வந்து அது பார்க்கும். "நீ இந்தப் பக்கம் வரவே வேணாம், நின்னா போதும்" என்றது. தூண்டிலை அவ்வளவு அழகாகப் போட்டது.

நீ சொல்லியிருந்தபடியே நம்பவில்லை. ஒரு பதில் சொல்லிவிட்டு வைத்தேன்.

வைத்த பிறகுதான் அந்தக் குரலை யோசித்துப் பார்த்தேன். அப்பட்டமாக அம்மாவாகவே இருந்தது. பேசத் தொடங்கும் முன் மூக்கை உறிஞ்சுவது உட்பட. அம்மாவை அப்படிப் பேசக்கூடியவள் ஸ்பெயினிலேயே ஒருத்திதான். சின்ன வயதில் மாடிப்படிக்குக் கீழே நின்று அம்மா குரலில் என் பெயரைக் கூப்பிட்டு, நான் விளையாட்டை விட்டு ஓடிவந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாயே, அவள்தான்.

உன்னை என்ன சொல்லிப் பயமுறுத்தினார்கள் என்று தெரியாது. முன்கூட்டியே எச்சரித்துவிட்டதால் உன் மனசாட்சி சுத்தம் என்று நினைக்கிறாயா?

இனி எழுதாதே.


மாட்ரிட், 17 ஏப்ரல்

ஃபெர்மின்,

எழுதத்தான் போகிறேன்.

நான் பேசவில்லை. எட்டாம் தேதி பகலில் தோன் லவுரெயானோவின் அறையில் நின்றிருந்தேன். பொன்னிறக்காரியின் புதுப் படத்துக்கு வேறு குரலைப் போட்டிருப்பதாக அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தயாரிப்பாளர்கள் புதுமை கேட்கிறார்களாம். எட்டு வருஷம் அவள் தும்மினால்கூட நான்தான் தும்மினேன். அன்று என் கவலை அதுதான். உனக்கு போன் வந்ததே உன் கடிதத்தில்தான் தெரியும்.

எங்களில் யார் இதைச் செய்திருப்பாள் என்று ஒவ்வொருத்தியாக மனதில் நிறுத்திப் பார்த்தேன். நாளைக்குப் போய் எவளுடைய தலைமுடியையாவது பிடிப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

18ஆம் தேதி

நேற்று அங்கேயே நிறுத்திவிட்டேன். இப்போது தொடர்கிறேன், கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆனால் தைக்கவில்லை. ஒரு வாரமாகவே சரியாகச் சாப்பிடவில்லை, நான்தான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். திடீரென்று கேட்டாள்.

"யாருடி அந்த சல்செதோ?"

என் கையிலிருந்த காபிப் பாத்திரம் நழுவியது. அந்தப் பெயரை நான் வீட்டில் உச்சரித்ததே இல்லை, ஃபெர்மின். உச்சரிக்கவே இல்லை.

பேசியது அம்மாதான். எவரிஸ்தோவுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும்போது அவரிடம் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். கிரான் வியாவில் இருக்கும் தொலைபேசி நிலையத்துக்குத் தனியாகப் போய், இணைப்புக் கிடைக்கும்வரை பெஞ்சில் காத்திருந்திருக்கிறாள். கண் விஷயமும் பொய் இல்லை. கண்ணாடி மாற்றப் போனவளிடம் டாக்டர் சொல்லிவிட்டார். நான் கவலைப்படுவேன் என்று என்னிடம் மறைத்தாள். நான் அவளிடம் ஒன்றை மறைத்தேன், அவள் என்னிடம் ஒன்றை மறைத்தாள், நடுவில் நீ போனை எடுத்தாய்.

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "உன் தம்பிக்கு நான் செத்துட்டேன்," என்றாள்.

அவளிடம் என்ன சொன்னாய்?

கசில்தா


துலூஸ், 29 ஏப்ரல்

அக்கா,

நான் சொன்னது இதுதான்: "நல்லா நடிக்கிறீங்க, அம்மா. உங்க சல்செதோகிட்ட போய்ச் சொல்லுங்க, என் அம்மா எப்பவோ செத்துட்டாங்கன்னு."

எதிர்முனையில் அப்புறம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. வேஷம் கலைந்ததால் வாயடைத்துப் போனாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடையில் இருந்தவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அரகோன்காரர் ஒயின் ஊற்றினார்.

இப்போது நீ எழுதுவதை நான் எப்படி நம்புவது? நீயே சொல். பேசியது வேறு ஒருத்தி என்றால், நான் சொன்ன பதிலை அவள் சல்செதோவிடம் சொல்லியிருப்பாள், அவன் உன்னிடம் சொல்லியிருப்பான். உன் பக்கத்தில் அவன் உட்கார்ந்துகொண்டு எழுதவைத்தாலும் இதே கடிதம்தான் வரும். அம்மாவின் அடையாளமாக நீ எதைச் சொன்னாலும் அது உனக்கும் தெரிந்த ஒன்றாகத்தான் இருக்கும். வேலையில் எழுத்துகள் தலைகீழாகிப் போகின்றன. முதலாளி இரண்டு முறை திட்டிவிட்டார்.

ஒரு வழி யோசித்தேன். 1947இல் நான் கிளம்பிய அன்று நீ வானொலி நிலையத்தில் இருந்தாய். வாசலில் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். அதைக் கேட்டு எழுது. சரியாக இருந்தால் அடுத்த ரயிலிலேயே ஹெந்தாய்க்குப் போகிறேன்.

ஃபெர்மின்


மாட்ரிட், 13 மே

தம்பி,

கேட்டேன். பதில் கிடைக்கவில்லை. கிடைத்தது இதுதான்:

"அவனுக்கு அம்மாவா இருக்கறதுக்கு நான் பரீட்சை எழுதணுமா? எழுத மாட்டேன்னு போடு."

நான் கெஞ்சினேன். அம்மா, அவன் பயந்துபோயிருக்கிறான், நான்தான் பயமுறுத்தினேன் என்றேன். "உன்கிட்ட அப்புறம் வரேன்," என்றாள். இன்னும் வரவில்லை. பரிமாறுகிறாள், துணி மடிக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. இத்தனை வருஷம் மற்றவர்களுக்குப் பேசியே வாழ்ந்தவளுக்கு வீட்டில் பேச ஆளில்லை.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். இந்த ஆட்சிக்காரர்கள் அப்பாவைச் சுட்ட நாளிலிருந்து பூசைக்குப் போகாதவள்! திரும்பி வந்து மேசைமேல் ஒரு சீட்டை வைத்தாள். பிரான்ஸில் இருக்கும் லூர்து மாதா கோயிலுக்கு நோயாளிகளை அழைத்துப்போகும் யாத்திரை ரயில். ஜூன் பத்தாம் தேதி கிளம்புகிறது, மூன்று நாள் அங்கே. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாஸ்போர்ட், பங்குச்சாமியார் அன்செல்மோ கையில். கண் போகிற கிழவி மாதாவைப் பார்க்க வேண்டும் என்றால் எந்த அதிகாரி மறுப்பான்? நானும் துணைக்கு வருகிறேன் என்று கேட்டேன். என் பெயரை மட்டும் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேற்று சல்செதோ தெருமுனையில் நின்றிருந்தான். "அம்மாவுக்குப் பக்தி முத்திடுச்சு போலிருக்கே," என்றான். "நம்ம ஆளுங்களும் ரெண்டு பேர் ஜெபம் பண்ணப் போறாங்க. பிரான்ஸ்ல நாங்க யாரையும் தொட முடியாது. பாக்கறதுக்குத் தடை இல்லையே?"

உன்னோடு யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறாய், யார் வீட்டுக்குப் போகிறாய் என்று பார்ப்பார்கள். அதற்கு மேலும் ஏதாவது செய்வார்களா, தெரியாது. போன முறை வராதே, நம்பாதே என்று நான் சொன்னேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டோம். இந்த முறை வா என்றும் சொல்ல மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். நீயே முடிவு செய். அம்மா உனக்கு எந்தச் செய்தியும் தரவில்லை. "அவன் வந்தா வரட்டும், இல்லாட்டி மாதாவையாவது பாத்துட்டு வரேன்" என்று எவரிஸ்தோவிடம் சொன்னாளாம்.

கசில்தா


துலூஸ், 16 ஜூன்

அக்கா,

நீளமாக எழுத எனக்கு வராது. ஆனால் இதை எழுதியே ஆக வேண்டும்.

லூர்துக்குத் தனியாகப் போனேன். அச்சகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மாதா குகைக்கு எதிரே, மெழுகுவர்த்தி விற்கிற கடைகளின் ஓரமாக நின்றேன். ஸ்பெயின்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். நோயாளிகளுக்குத் துணையாக வந்த, வெள்ளைத் தலைத்துணி கட்டிய ஒரு சீமாட்டி, சின்னதாய்ச் சுருங்கிப்போன ஒரு பெண்மணியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்னைத் தாண்டிப் போன பிறகு அந்த நடையைப் பார்த்தேன். இடது காலை லேசாக இழுத்து வைக்கிற நடை.

"அம்மா," என்றேன். ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

அவளுக்கு இப்போது சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் தெரிகிறது. ஒரு பொருளைப் பார்க்கத் தலையைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். என் மோவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். துணி வாங்கும்போது நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பல்லு எங்கடா?"

"ரெண்டு போயிடுச்சும்மா."

"அப்பா சாடை வந்துடுச்சு உனக்கு," என்றாள். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டாள். சுற்றிலும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் விடவில்லை.

பழுப்பு கோட்டுப் போட்ட ஒருவன் எங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஊர்வலத்தில் அம்மா நேராக அவனிடம் போய், "இதக் கொஞ்சம் பிடிங்க தம்பி, எனக்கு முட்டி வலிக்குது," என்று தன் மெழுகுவர்த்தியை அவன் கையில் கொடுத்துவிட்டாள். தொண்டூழியன் என்று நினைத்தாளா, தெரிந்தே செய்தாளா, கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். அவன் கடைசிவரை அதைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

வாசலில் சொன்ன வார்த்தையைப் பற்றிக் கேட்டேன். "யாருக்குடா ஞாபகம் இருக்கு? குளுருது, கதவச் சாத்திட்டுப் போன்னு சொல்லியிருப்பேன்," என்றாள். அவள் அன்று சொன்னது "திரும்பிப் பாக்காமப் போ" என்று. பதினாலு வருஷமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். அவளுக்கு மறந்தே போய்விட்டது.

இனி முக்கியமான விஷயம். அம்மா திரும்பிப் போகவில்லை.

ரயில் கிளம்பும்போது பெட்டியில் ஏற மறுத்துவிட்டாள். நான் வாதாடினேன், அக்கா. சத்தியமாக. கசில்தாவைப் பிடித்து விசாரிப்பார்கள், உள்ளே போட்டாலும் போடுவார்கள் என்றேன். சாமியார் அன்செல்மோ முகம் சிவந்து, எல்லோரும் போகாவிட்டால் பாஸ்போர்ட்டுக்குத் தானே பொறுப்பு என்று கையைப் பிசைந்தார். அம்மா அவரிடம் சொன்னாள்: "சாமி, நான் கண்ணு சரியாகணும்னு வந்தேன். இன்னும் சரியாகல. ஆகற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

என்னிடம் தனியாகச் சொன்னது வேறு. "நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேக்காமலே என்னைப் பத்தி முடிவு பண்ணிட்டிருந்தீங்க. இது நான் பண்ற முடிவு." உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவ நடிகை. சமாளிப்பா," என்றாள்.

அவள் சொன்னதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். மறைத்தது போதும் என்று நினைத்தேன். நீ பத்திரமாக இருக்கிறாயா என்று ஒரு வரியாவது எழுது. எவரிஸ்தோ வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஃபெர்மின்


மாட்ரிட், 3 ஜூலை

தம்பி,

பத்திரமாக இருக்கிறேன். சமாளித்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்.

இல்லை, அப்படிச் சொல்லாதே. "சமாளிப்பா" என்று அவள் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ காய்ச்சலில் படுத்தால் அவள் உன் பக்கத்தில் உட்காருவாள், நான் காய்ச்சலில் படுத்தால் "அவ நடிக்கிறா" என்பாள். அவள் உன்னோடு தங்கியது சரி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போனது சரி இல்லை. கையில் ஒரு சின்ன மூட்டையோடு ரயிலேறும்போது ஜன்னல் வழியாக என் தலையைத் தடவினாள். பேச்சை நிறுத்திய பிறகு முதல் தடவை. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். விடைபெற்றிருக்கிறாள்.

யாத்திரை ரயில் திரும்பிய மறுநாள் என்னைக் கூட்டிப்போனார்கள். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. உட்காரவும் விடவில்லை. நாங்கள் எல்லாம் நின்றே வேலை செய்கிறவர்கள் என்பது சல்செதோவுக்கு மறந்துவிட்டது போல.

மேசைமேல் படங்களைப் பரப்பினான். அம்மா உன் மோவாயைப் பிடித்திருக்கிற படம். நீ எனக்கு ஒரு போட்டோகூட அனுப்பியதில்லை, மாட்டிக்கொள்வோம் என்று. பதினாலு வருஷத்துக்குப் பிறகு உன் முகத்தை நான் போலீஸ் மேசைமேல்தான் பார்த்தேன். அவன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் காதில் விழவில்லை. உன் முன்நெற்றியில் முடி ஏறிப்போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். எல்லாவற்றையும் வாரி இழுப்பறையில் போட்டுப் பூட்டினான்.

அம்மாவைத் திரும்ப வரச் சொல்லி போன் செய்யச் சொன்னான். "அவங்க யார் குரலையும் நம்ப மாட்டாங்க, இன்ஸ்பெக்டர். உங்க புண்ணியம்," என்றேன். அவனிடம் அப்படிப் பேசுவேன் என்று நானே நினைத்ததில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். அம்மா இந்த ஊரில் இருக்கும்வரைதான் எனக்கு நடுக்கம். அவள் இல்லாத வீட்டில் அவன் எதைப் பிடித்து இழுப்பான்?

நான் நினைத்ததை ஊகித்தவன் போல, "உங்க குரல் இருக்கே," என்றான். வெளியே விட்டுவிட்டான். மறுநாள் தோன் லவுரெயானோ ஆள் அனுப்பிவிட்டார். மாட்ரிட்டில் எந்த ஸ்டூடியோவும் என்னை உள்ளே விடாது. பாவம், அவரும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் அனுப்பியிருப்பார். இருந்தாலும் இரவோடு இரவாக பார்சலோனாவில் இருக்கும் தன் பழைய நண்பருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அங்கே வரச் சொல்கிறார்கள். பொன்னிறக்காரி கிடையாது, பெரிய வேடம் எதுவும் கிடையாது. கூட்டத்தோடு நின்று கத்த வேண்டும். எங்கள் தொழிலில் திரையில் யாருடைய பெயரையும் போடுவதில்லை என்று இத்தனை வருஷம் குறைப்பட்டிருக்கிறேன். இப்போது அதுவே வசதியாக இருக்கிறது.

முப்பத்தைந்து வயதில் மறுபடி கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கப் போகிறேன். உன் கடிதத்தில் நீ குத்திக்காட்டியது எனக்கு மறக்கவில்லை. ஆம், காதலனை அண்ணன் என்று சொன்னேன். ஆனால் அந்த "அண்ணா"வை நான் எப்படிச் சொன்னேன் என்று நீ கேட்டிருக்க வேண்டும். தியேட்டரில் ஒருவர்கூட ஏமாறவில்லை.

வீட்டைக் காலி செய்கிறேன். எவரிஸ்தோவின் லாரியில் தையல் மெஷின் வருகிறது. கண் தெரியாவிட்டாலும் அவள் கை நிற்காது, பார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா கடலைப் பார்த்ததே இல்லை. தொலேதோ பக்கத்துக் காட்டு ஊரிலிருந்து மாட்ரிட் வந்தாள், அவ்வளவுதான் அவள் பார்த்த உலகம். படங்களில் கடல் வரும்போதெல்லாம், நிஜத்தில் இப்படித்தான் இருக்குமா என்று என் காதில் கேட்பாள். இலையுதிர் காலத்துக்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு போ. யாரையும் கேட்காதே. அவளையே கேட்காதே, கேட்டால் துணி துவைக்க வேண்டும் என்பாள்.

கசில்தா


துலூஸ், 12 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

பார்சலோனா முகவரி கிடைத்தது. இதைத் தபாலிலேயே போடுகிறேன். பிரித்துப் படிக்கிறவன் படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நார்போன் பக்கம் கடற்கரைக்குப் போனோம். பஸ்ஸில் ஏறும்வரை எங்கே என்று சொல்லவில்லை. துணி துவைக்க வேண்டும் என்றாள், நீ சொன்ன மாதிரியே.

மணலில் செருப்பைக் கழற்ற மறுத்தாள். பிறகு அவளே கழற்றினாள். இப்போது அவளுக்கு வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். நான் பின்னால் நின்று அவள் தலையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. முடிகிற இடம் வரும் என்று காத்திருந்தாள் போல. வரவில்லை என்றதும் என் கையைத் தட்டிவிட்டுத் தானே திரும்பி, முதலிலிருந்து ஒருமுறை பார்த்தாள்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தண்ணி நிறைய இருக்கு," என்றாள்.

நான் கொண்டுபோயிருந்த ரொட்டியையும் முட்டைப் பொரியலையும் சாப்பிட்டோம். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இருட்டவும் தொடங்கிவிட்டது. கிளம்பலாம் என்றேன். அசையவில்லை. இருட்டில் உனக்கு இனி என்னம்மா தெரியப்போகிறது என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"பாத்தது போதும்," என்றாள். "கசில்தா இங்க இருந்தா இந்தச் சத்தத்த அப்படியே பண்ணிக்காட்டுவா. அவ வர வரைக்கும் நான் ஞாபகம் வெச்சுக்கணும். சும்மா இரு, கேக்கறேன்."

பஸ் போய்விட்டது. நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

உன் தம்பி,
ஃபெர்மின்